இலவசக் காலைச் சாப்பாட்டில் தொடங்கும் கடன்: டைம்ஷெயாரிலிருந்து வெளியேறுவது எப்படி?

ஒர்லாண்டோவுக்குப் பிள்ளைகளோடு விடுமுறைக்குப் போகும் கனேடியக் குடும்பங்களுக்கு இந்த அழைப்பு புதிதல்ல. “ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். காலைச் சாப்பாடு இலவசம், டிஸ்னி நுழைவுச்சீட்டும் மலிவாகத் தருகிறோம்.” தெனெரீஃபே, மல்லோர்கா கடற்கரைகளில் பிரித்தானியாவிலிருந்து போனவர்களிடம் சுரண்டல் சீட்டு ஒன்றை நீட்டுவார்கள். அதில் எப்படியோ பரிசு விழுந்திருக்கும். பரிசைப் பெற ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும். ஒன்றரை மணித்தியாலம் நான்கு, ஐந்து மணித்தியாலமாக நீளும். சிரித்துப் பேசிய முகவர் எழுந்துபோக, அவரின் மேலாளர் வந்து அமர்வார். விலை பாதியாகக் குறையும். “இந்த விலை இன்றைக்கு மட்டும்” என்பார்கள். பிள்ளைகள் களைத்து அழத் தொடங்கும் நேரத்தில் கையெழுத்து விழுந்துவிடும்.

டைம்ஷெயார் என்பது அடிப்படையில் சட்டவிரோதமான ஒன்றல்ல. 1960களில் ஐரோப்பாவில் தொடங்கி, 1970களில் அமெரிக்காவில் வேரூன்றிய வியாபாரம் இது. விடுமுறை விடுதியிலுள்ள ஒரு தொடர்மாடி வீட்டை வருடத்தின் 52 கிழமைகளாகக் கூறுபோட்டு, ஒவ்வொரு கிழமையையும் ஒவ்வொருவருக்கு விற்பார்கள். சில இடங்களில் காணி வாங்குவதுபோலவே உறுதி எழுதித் தருவார்கள். சில இடங்களில், குறிப்பாக மெக்சிக்கோவில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும் கிடைக்கும். இப்போது பெருநிறுவனங்கள் பெரும்பாலும் கிழமைகளை விற்பதில்லை, புள்ளிகளை விற்கின்றன. வருடந்தோறும் கிடைக்கும் புள்ளிகளைக் கொடுத்து, அந்த நிறுவனத்தின் விடுதிகளில் இடம் இருந்தால் தங்கலாம். இந்த “இடம் இருந்தால்” என்பதில்தான் பலருடைய முதல் ஏமாற்றம் தொடங்குகிறது. பாடசாலை விடுமுறைக் காலத்தில் இடம் இருப்பதில்லை.

அடுத்த ஏமாற்றம் பராமரிப்புக் கட்டணம். வாங்கும்போது கொடுக்கும் பல்லாயிரம் டொலர் ஒரு தடவைச் செலவு. பராமரிப்புக் கட்டணமோ வருடாவருடம் வரும். அமெரிக்காவில் இது இப்போது சராசரியாக ஆயிரம் டொலருக்கு மேல். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். கூரை மாற்றினால், புயலில் சேதம் ஏற்பட்டால் விசேட அறவீடு என்று தனியாக இன்னொரு கடிதம் வரும். கட்டணம் ஏறலாம், இறங்கியதாகக் கேள்விப்படுவது அபூர்வம். உறுதியோடு கூடிய டைம்ஷெயார் பலவற்றுக்கு முடிவுத் திகதியும் கிடையாது. வாங்கியவர் இறந்தபிறகும் அது அவருடைய சொத்துக் கணக்கில் நிற்கும்.

“விருப்பமில்லாவிட்டால் விற்றுவிடலாம், காணி மாதிரி விலை ஏறும்” என்று விற்பனையாளர் சொல்லியிருப்பார். இதைத்தான் முதலில் மறக்க வேண்டும். நீங்கள் கொடுத்த விலையில் பெரும் பகுதி அந்த இலவசச் சாப்பாட்டுக்கும், நுழைவுச்சீட்டுக்கும், முகவரின் தரகுக்கும் போய்விட்டது. இணையத்தில் ஒரு டொலருக்கு டைம்ஷெயார் விற்கும் விளம்பரங்களை யாரும் பார்க்கலாம். பல இடங்களில் அந்த ஒரு டொலருக்கும் ஆள் வருவதில்லை. ஏனென்றால் வாங்குபவர் விலையைப் பார்ப்பதில்லை, ஆயுள் முழுக்கக் கட்டவேண்டிய கட்டணத்தையே பார்க்கிறார். இந்த உண்மையை ஏற்றுக்கொள்ளாத வரைக்கும் மோசடிக்காரர்களுக்கு வேலை இலகு. “உங்கள் டைம்ஷெயாருக்கு 40,000 டொலர் தர ஆள் இருக்கிறது” என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் நம்பத் தோன்றுவது, போட்ட காசு எங்கோ பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணத்தால்தான்.

முதல் சில நாட்கள்

கையெழுத்து வைத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை என்றால், இந்தக் கட்டுரையின் மிகுதியை வாசிப்பதற்கு முன்னர் இரத்துக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். ஏறத்தாழ எல்லா நாடுகளிலும், மாநிலங்களிலும் காரணம் எதுவும் சொல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதற்குச் சட்டம் சில நாட்கள் தருகிறது. இதைவிடச் சுலபமான, செலவில்லாத வாசல் பிறகு ஒருபோதும் திறக்காது.

புளோரிடாவில் 10 நாட்கள். கையெழுத்திட்ட நாள், சட்டப்படி தரவேண்டிய கடைசி ஆவணம் கையில் கிடைத்த நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ணப்படும். இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது. கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் 7 நாட்கள், நெவாடாவில் 5 நாட்கள். மெக்சிக்கோவில் 5 வேலை நாட்கள். பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 14 நாட்கள். அந்த 14 நாட்களுக்குள் முற்பணம் வாங்குவதே அங்கு சட்டப்படி தடை. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒப்பந்தப் பிரதி கையில் கிடைத்ததிலிருந்து 10 நாட்கள் தருகிறது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி ஏற்படுகிறது. ரொறன்ரோவில் வசிப்பவர் என்பதால் ஒன்ராறியோச் சட்டம் தன்னோடு கூடவே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒர்லாண்டோவில் இருந்துகொண்டு ஒர்லாண்டோ விடுதியோடு செய்த ஒப்பந்தத்துக்குப் புளோரிடாச் சட்டமே பொருந்தும். கன்கூனில் செய்ததற்கு மெக்சிக்கோச் சட்டம். அங்கே ஐந்தே நாட்கள். விடுமுறை முடிந்து வீடு வந்து, பெட்டியை அவிழ்த்து, கணக்குப் பார்க்கும்போது அந்த ஐந்து நாட்களும் கடந்திருக்கும். விற்பனை முடிந்த கையோடு “உங்களுக்காக மூன்று நாள் சுற்றுலா இலவசம்” என்று சொல்லி அழைத்துப்போவதிலும் ஒரு கணக்கு இருக்கக்கூடும்.

கடிதத்தில் கதை எழுதத் தேவையில்லை. இன்ன திகதியில் கைச்சாத்திட்ட இன்ன இலக்க ஒப்பந்தத்தை இரத்துச் செய்கிறேன், செலுத்திய பணத்தைத் திருப்பித் தரவும் என்ற இரண்டு வரிகள் போதும். ஒப்பந்தத்தில் யார் யார் கையெழுத்திட்டார்களோ அவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். கணவன் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பி, மனைவியின் கையெழுத்து இல்லை என்று தர்க்கம் வருவதற்கு இடம் வைக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் இரத்து அறிவித்தலுக்கென்று தனியாக ஒரு முகவரி கொடுக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் சிறிய எழுத்தில், கட்டின் நடுப்பகுதியில். விற்பனை அலுவலகத்தின் முகவரியும் அதுவும் ஒன்றாக இருக்காது. அந்த முகவரிக்கு, ஒப்பந்தம் சொல்லும் வழியில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புளோரிடாவில் தபாலில் சேர்த்த நாளே கணக்கு, அவர்கள் கையில் கிடைத்த நாளல்ல. பற்றுச்சீட்டையும் கடிதத்தின் பிரதியையும் பத்திரமாக வைத்திருங்கள்.

தொலைபேசியில் இரத்துச் செய்ய முயல வேண்டாம். எதிர்முனையில் இருப்பவர் அன்பாகப் பேசுவார், இன்னும் நல்ல திட்டம் ஒன்று இருக்கிறது என்பார், மேலாளர் நாளை அழைப்பார் என்பார். நாட்கள் போய்விடும்.

நாட்கள் கடந்துவிட்டால்

அதற்குப் பிறகு போகவேண்டிய முதல் இடம் விற்ற நிறுவனமேதான். இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் விண்டாம், ஹில்டன் போன்ற பெரிய நிறுவனங்களிடம் டைம்ஷெயாரைத் திருப்பி ஏற்கும் நடைமுறைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் டைம்ஷெயார் தொழில்துறைச் சங்கமும் எந்த நிறுவனத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல ஓர் இணையத்தளம் நடத்துகிறது. பொதுவாக இரண்டு நிபந்தனைகள் இருக்கும். வாங்கக் கடன் எடுத்திருந்தால் அது முழுமையாகக் கட்டி முடிந்திருக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தில் நிலுவை இருக்கக் கூடாது. காசு திரும்பக் கிடைக்காது. சில வேளைகளில் ஓரிரு வருடக் கட்டணத்தை வாங்கிக்கொண்டே விடுவார்கள். அப்படியானாலும் இருபது வருடக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது இலாபம்தான்.

கேட்டவுடனே கிடைக்கும் என்றில்லை. பெரும்பாலும் முதலில் வரும் பதில், “ஒரு தடவை நேரில் வாருங்கள், பேசித் தீர்ப்போம்” என்பது. அந்தச் சந்திப்பு இன்னொரு விற்பனைக் கூட்டம். கிழமையைப் புள்ளியாக மாற்றினால் விற்பது சுலபம் என்று சொல்லி, மேலும் பத்தாயிரம் டொலருக்குக் கையெழுத்து வாங்கிய கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம். வெளியேறுவது தவிர வேறெதையும் பேச வேண்டாம், எழுத்தில் மட்டும் பேசுங்கள்.

நிறுவனம் ஏற்காவிட்டால் சும்மா கொடுத்துவிடப் பார்க்கலாம். 1993இலிருந்து இயங்கும் டைம்ஷெயார் யூசர்ஸ் குரூப் என்ற உரிமையாளர் குழுவின் தளத்தில் இலவசமாகக் கொடுப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. கடற்கரையோரம், நல்ல காலக் கிழமை, கட்டணமும் குறைவு என்றால் யாராவது எடுப்பார்கள். பெயர் மாற்றச் செலவையும் முதல் வருடக் கட்டணத்தையும் நீங்களே தருவதாகச் சொன்னால் வாய்ப்புக் கூடும். உண்மையிலேயே சந்தை மதிப்புள்ள சில டைம்ஷெயார்களை விற்க, உரிமம் பெற்ற ஆதனத் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விற்றுமுடிந்த பின்னரே தரகு வாங்குவார்கள், முன்னர் அல்ல.

“கட்டாமல் விட்டால் என்ன?” என்ற கேள்வியும் வரும். சிலருக்கு அது முடிவில் சரிவரலாம். நிறுவனம் பறிமுதல் செய்துவிட்டு விட்டுவிடும். ஆனால் கடன் வசூலிப்பவர்கள் வருவார்கள், கடன் மதிப்பெண் விழும், வீட்டுக் கடன் புதுப்பிக்கும் நேரத்தில் அது கண்முன் வந்து நிற்கும். சிலவேளை அதைவிட மோசமாகவும் முடியும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஃபெயார்மொன்ட் என்ற இடத்திலுள்ள விடுதி ஒன்றின் உரிமையாளர்களிடம் 2013இல் நிர்வாகம் இரண்டு தெரிவுகளை வைத்தது: புதுப்பித்தல் செலவுக்குப் பல ஆயிரம் டொலர் கட்டுங்கள், அல்லது காசு கட்டிவிட்டு வெளியேறுங்கள். வெளியேறுவதற்கும் காசா என்று கொதித்து, நூற்றுக்கணக்கானோர் கட்ட மறுத்து ஒன்றாக வழக்காடினார்கள். கோபம் நியாயமானதே. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது வேறு. நீதிமன்றங்கள் நிர்வாகத்தின் பக்கம் தீர்த்தன. தாமதத்துக்கு ஒப்பந்தம் சொன்ன வட்டி ஆண்டுக்கு 26.82 சதவீதம். தொடக்கத்தில் சில ஆயிரமாக இருந்த தொகை, வழக்கு முடியும்போது பலருக்குப் பல மடங்காகியிருந்தது. கட்டாமல் விடுவது என்று முடிவெடுப்பவர் அதற்கு முன்னர் ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டி, வட்டி விகிதம் என்ன, விடுதி இருக்கும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்வது அவசியம். அதற்காகும் சில நூறு டொலர் வீண் செலவல்ல.

ஸ்பெயினில் வாங்கியவர்களுடைய நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே 1999 ஜனவரி 5 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், டைம்ஷெயார் ஒப்பந்தம் 50 வருடத்துக்கு மேற்படக் கூடாது என்றது. நிறுவனங்கள் அதைப் பொருட்படுத்தாமல் காலவரையற்ற ஒப்பந்தங்களை விற்றுக்கொண்டே இருந்தன. 2015 ஜனவரியில், கனேரியத் தீவுகளிலுள்ள விடுதி ஒன்று தொடர்பான வழக்கில் ஸ்பெயின் உயர் நீதிமன்றம் அப்படியான ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து பிரித்தானியா, நோர்வே போன்ற நாடுகளைச் சேர்ந்த பலர் வழக்கில் வென்றார்கள். வென்றதும் பணம் வந்துவிடும் என்றில்லை. நிறுவனம் கடனிறுக்க வகையற்ற நிலையில் இருந்தால் தீர்ப்புக் கடதாசி மட்டும்தான் மிஞ்சும். இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லியே ஒரு புதிய மோசடித் தொழிலும் கிளம்பியது.

தொலைபேசியில் வரும் ‘வாங்குநர்’

டைம்ஷெயார் வைத்திருப்பவரின் பெயர், விடுதியின் பெயர், என்ன விலைக்கு வாங்கினார் என்ற விபரம் எல்லாம் அழைப்பவருக்குத் தெரிந்திருக்கும். அதனாலேயே நம்பத் தோன்றும். தகவல் எங்கிருந்து போகிறது? விடுதிகளுக்குள் இருக்கும் ஊழியர்கள் மூலம் விலைக்கு வாங்கப்படுவதாக அமெரிக்கத் திறைசேரியும் எஃப்.பி.ஐ.யும் சொல்கின்றன.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மெக்சிக்கோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில், புவெர்ட்டோ வயார்ட்டா கடற்கரையை மையமாக வைத்து இதை நடத்துவது சாதாரண மோசடிக் கும்பலல்ல. அமெரிக்கா 2023இலிருந்து வெளியிட்ட பல தடைப்பட்டியல்கள் இதை ‘ஹலிஸ்கோ புதிய தலைமுறை’ என்ற போதைப்பொருள் கும்பலோடு நேரடியாகத் தொடர்புபடுத்துகின்றன. 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்கள் மெக்சிக்கோ டைம்ஷெயார் மோசடிகளில் ஏறக்குறைய 30 கோடி டொலர் இழந்ததாக எஃப்.பி.ஐ.க்கு முறைப்பாடு கிடைத்திருந்தது. முறைப்பாடு செய்தவர்களின் கணக்கு மட்டுமே இது. 2023 மேயில் குவாடலஹாரா நகருக்கு அருகே தொலைபேசி அழைப்பு நிலையம் ஒன்றில் வேலை செய்த இளைஞர், யுவதிகள் எட்டுப் பேர் காணாமல் போனார்கள். சில நாட்களின் பின்னர் பள்ளத்தாக்கு ஒன்றில் பைகளில் அவர்களின் உடற்பாகங்கள் கண்டெடுக்கப்பட்டன. அந்த நிலையம் இதே டைம்ஷெயார் மோசடியோடு தொடர்புடையது என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள். மறுமுனையில் மரியாதையாக ஆங்கிலம் பேசும் குரலுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

அவர்களின் முறை படிப்படியானது. முதலில் நல்ல விலை பேசும் வாங்குநர். உண்மையான தரகு நிறுவனம் ஒன்றின் பெயரில், உண்மையானது போன்ற இணையத்தளம், முத்திரை குத்திய ஒப்பந்தம். எஸ்குரோ கணக்கில், அதாவது விற்பனை முடியும்வரை மூன்றாம் தரப்பு வைத்திருக்கும் கணக்கில், உங்கள் பணம் ஏற்கெனவே வைப்பிலிடப்பட்டுவிட்டது என்று வங்கிக் கடிதமும் வரும். பிறகு மெக்சிக்கோ அரசுக்குக் கட்டவேண்டிய வரி என்று 3,000 டொலர். அது போனதும் பதிவுக் கட்டணம், பின்னர் நாணய மாற்றுக் கட்டணம். ஒவ்வொன்றும் விற்பனை முடிந்ததும் திரும்பக் கிடைக்கும் என்பார்கள். ஏற்கெனவே கட்டியதைக் காப்பாற்றவே அடுத்ததையும் கட்டத் தோன்றும். சீட்டுப் பிடித்து ஏமாந்தவர்களுக்கு இந்த உணர்வு நன்றாகத் தெரியும்.

பணம் போய் ஆறு மாதத்தில் இன்னொரு அழைப்பு வரும். இம்முறை சட்டத்தரணி. அல்லது அரச அதிகாரி. “உங்களை ஏமாற்றிய கும்பலைப் பிடித்துவிட்டோம், உங்கள் பணம் நீதிமன்றத்தில் இருக்கிறது, விடுவிக்க ஒரு கட்டணம் மட்டும்.” ஸ்பெயின் டைம்ஷெயார் வைத்திருப்பவர்களுக்கு இதே அழைப்பு, ‘உங்கள் வழக்கு வென்றுவிட்டது’ என்று வரும். அவர்கள் வழக்கே போட்டிருக்க மாட்டார்கள். பேசுபவர் பெரும்பாலும் முதலில் ஏமாற்றியவரே, அல்லது அவரிடமிருந்து பெயர்ப்பட்டியலை வாங்கியவர்.

இன்னொரு வகையினர் சட்டத்தின் ஓரத்தில் நடப்பவர்கள். “உங்களை டைம்ஷெயாரிலிருந்து விடுவிக்கிறோம், நூறு வீதம் உத்தரவாதம்” என்று வானொலியிலும் இணையத்திலும் விளம்பரம் செய்து, முன்கூட்டியே ஐயாயிரம், பத்தாயிரம் டொலர் வாங்கும் ‘வெளியேற்ற’ நிறுவனங்கள். அமெரிக்காவில் பெரிதாக விளம்பரமான அவற்றில் ஒன்றின் மீது வொஷிங்டன் மாநிலச் சட்டமா அதிபர் 2020இல் வழக்குத் தொடுத்தார். அடுத்த வருடம் அது 26 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. 2022இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவும் விஸ்கொன்சின் மாநிலமும் வேறொரு குழுமத்தின் மீது வழக்குப் போட்டன. பெரும்பாலும் வயதானவர்களிடமிருந்து 9 கோடி டொலருக்கு மேல் கறந்ததாகக் குற்றச்சாட்டு. இவர்களில் பலர் செய்தது நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்புவதும், கட்டணத்தைக் கட்டாதே என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதும்தான். கடிதம் எழுத உங்களுக்கே முடியும். கட்டாமல் விட்டால் வரும் கடன் வசூலிப்பாளர் அவர்களுடைய வீட்டுக்குப் போவதில்லை.

ஆக, முன்பணம் என்ற சொல் வந்தவுடனே பேச்சை முடித்துவிடலாம். மறுவிற்பனைக்கு உதவுபவர், விற்பனை நடந்து முடியும்வரை ஒரு சதமும் வாங்கக் கூடாது என்று பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அப்படித்தான். தரகர் என்று சொல்பவரின் உரிம இலக்கத்தைக் கேட்டு, அந்த மாநிலத்தின் ஆதனத் தரகர் பதிவேட்டில் தேடுங்கள். தேடிக் கிடைத்தாலும் அவர் தந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டாம், பதிவேட்டிலுள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். உண்மையான தரகரின் பெயரைத் திருடிப் பயன்படுத்துவது இந்தக் கும்பல்களின் வழக்கம். விடுதி நிர்வாகத்தையும் நேரடியாகக் கேட்கலாம்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் மணித்தியாலங்கள் முக்கியம். வங்கி மூலம் அனுப்பியிருந்தால் உடனே வங்கியின் மோசடிப் பிரிவை அழைத்து, பரிமாற்றத்தைத் திரும்பப் பெறக் கேளுங்கள். கடனட்டையில் கட்டியிருந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம். பிரித்தானியாவில் 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையிலான கொள்வனவுகளுக்குக் கடனட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு என்று நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு சொல்கிறது. கனடாவில் கனேடிய மோசடி எதிர்ப்பு மையத்திலும், அமெரிக்காவில் எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்ற முறைப்பாட்டுத் தளத்திலும் முறையிடலாம். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் பேசுவார்களே என்று பெற்றோர் இதை மூடி மறைப்பதுண்டு. இரண்டாவது அழைப்பு வரும்போது அவர்கள் தனியாக இருப்பதற்கும் அதுவே காரணமாகிறது.

பிள்ளைகளுக்கு இது போகுமா?

போகலாம், ஆனால் பலர் பயப்படும் விதத்தில் அல்ல. டைம்ஷெயாரில் பிள்ளையின் பெயர் இல்லையென்றால், பெற்றோர் இறந்த மறுநாளே அவர் தலையில் கட்டணம் விழுவதில்லை. அது இறந்தவரின் சொத்தின் மீதான கடன். வாரிசு அதை வேண்டாம் என்று எழுத்தில் மறுக்கலாம். அமெரிக்க வரிச் சட்டம் செல்லுபடியாகும் மறுப்புக்கு 9 மாதங்கள் தருகிறது. ஆனால் அதற்குள் அந்த உரிமையை அனுபவித்திருக்கக் கூடாது. “அப்பா வாங்கியது, இந்த வருடம் ஒரு தடவை போய்த் தங்கிவிட்டு வருவோம்” என்று போனால், ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படலாம். மறுப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், சொத்தைப் பராமரிக்கும் சட்டத்தரணியிடம் முதலிலேயே இப்படியொன்று இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே விடுதியில் வைத்து, “பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துவிடுங்கள், பின்னாளில் பெயர் மாற்றும் செலவு மிச்சம்” என்று சொல்வதுண்டு. பெயர் சேர்ந்துவிட்டால் மறுப்பதற்கு எதுவும் மிஞ்சாது. வருடாந்தக் கட்டணக் கடிதம் யாருடைய பெயருக்கு வருகிறது என்று அடுத்த முறை பெற்றோர் வீட்டுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். பழைய ஒப்பந்தக் கட்டு பெரும்பாலும் கடவுச்சீட்டுகளோடு அதே அலுமாரியில்தான் இருக்கும்.